களப்பில் திரும்பத் தெரிந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலிருந்து வார இறுதிகளில் கற்பிட்டிக்குக் கைட் ஓடச் செல்லும் நண்பர்களுக்கும், அங்கே கைட்போர்டிங் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று நீர்மேல் ஓடும் விளையாட்டு) பள்ளிகளை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

சோளகக் காற்று தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. மே பிறந்ததும் நாமெல்லாரும் வழக்கம்போல வெள்ளிக்கிழமை மாலை வேலையை முடித்து, போர்ட்டுகளை வான் வண்டியின் கூரையில் கட்டிக்கொண்டு, நீர்கொழும்பையும் சிலாபத்தையும் கடந்து, பாலாவியில் இடப்புறம் திரும்பி, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி கண்ணில் பட்டதும் வந்து சேர்ந்துவிட்டோம் என்று கால்களை நீட்டிக்கொள்வோம். ஏறக்குறைய 160 கிலோமீற்றர் பயணம் செய்து, இரண்டே நாட்கள் நீரில் நின்று, ஞாயிறு இரவு உப்புக் கரித்த உடம்போடு திரும்புவது ஒக்டோபர் வரை நடக்கும். இந்தப் பருவம் அப்படித் தொடங்குவதற்கு முன்னர், களப்பில் பழகுபவர்களும் பழகி முடித்தவர்களும் ஒரே நீரை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதை நாம் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன்.

இதைத் தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. களப்போரத்தில் நட்டிருக்கும் அறிவித்தல் பலகைகள் வெளிநாட்டுப் பயணிகளுக்காக எழுதப்பட்டவை. ஆனால் நம் கைட்டைப் பிடித்து ஏற்றிவிடும் பையன்களில் பலர், வள்ளம் ஓட்டுபவர்கள், வெள்ளவத்தையிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் போகும் என் போன்றவர்கள் எல்லாரும் மணலில் பேசுவது தமிழ்தான். சண்டையும் தமிழில்தான் பிடிக்கிறோம்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன், ஏனெனில் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது. கடலுக்கும் களப்புக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டு அலையை மறிக்கிறதே தவிர, காற்றை மறிப்பதில்லை. ஆகவே திட்டை ஒட்டிய ஓரத்தில் நீர் தட்டையாகக் கிடக்க, காற்று மட்டும் தடையில்லாமல் வீசுகிறது. புதிதாகப் பழகுபவருக்கு விழுந்தால் எழுந்து நிற்கக்கூடிய ஆழமும் அலையில்லாத நீரும் வேண்டும். வித்தைகள் பழகும் அனுபவசாலிக்கும் அதே தட்டை நீர்தான் வேண்டும். போதாக்குறைக்குக் கைத்தொலைபேசியோடு படம்பிடிக்கும் நண்பர்கள் நிற்பதும் அந்த ஓரத்தில்தான். களப்பின் நடுவில் எவ்வளவோ இடம் காலியாகக் கிடக்க, நாமெல்லாரும் இந்த ஓரத்துக்காக முட்டி மோதிக்கொள்கிறோம்.

கைட் பிடிக்கும் இடத்தையும் நாம் சரியாகக் கணக்கிடுவதில்லை. பழகுபவர்கள் கையில் இருக்கும் கைட்டுகளின் லைன்கள், அதாவது ஆளையும் கைட்டையும் இணைக்கும் கயிறுகள், பெரும்பாலும் 20 முதல் 24 மீற்றர் நீளமானவை. கைட்டையும் சேர்த்துப் பார்த்தால், நீரில் நிற்கும் ஒருவர் காற்று போகும் பக்கமாக ஏறத்தாழ 25 மீற்றர் ஆரமுள்ள ஓர் அரைவட்டத்தைத் தமக்கென்று பிடித்துக்கொள்கிறார். இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், ஒருவர் கைட் மற்றவர் கைட்டைத் தொடாதிருக்க ஐம்பது மீற்றர் இடைவெளி வேண்டும். பருவத்தின் உச்சத்தில், சனிக்கிழமை பகல், அந்த ஓரத்தில் அப்படி இடைவெளி இருப்பதை நான் பார்த்ததில்லை.

இனி என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், காற்று இருபது நொட்டை (மணிக்கு ஏறக்குறைய 37 கிலோமீற்றரை) தாண்டி வீசிக்கொண்டிருந்தபோது, நான் ஒன்பது மீற்றர் (பரப்பில் ஒன்பது சதுர மீற்றர்) கைட்டோடு திட்டின் ஓரமாக வேகமாக வந்துகொண்டிருந்தேன். கரையில் நண்பன் படம்பிடித்துக்கொண்டிருந்தான் என்பதை மறைக்கப் போவதில்லை. எனக்கு முன்னால், காற்று போகும் பக்கத்தில், இடுப்பளவு நீரில் ஒரு பெண் பயிற்றுவிப்பாளரோடு நின்றார். அவருடைய கைட் நீரில் விழுந்து கிடந்தது. தாராளமாக இடம் இருக்கிறது என்று எண்ணிக் கைட்டைத் தாழ வைத்தபடியே கடக்கப் பார்த்தேன். சரியாக அந்த நொடியில் அவர் தம் கைட்டை நீரிலிருந்து எழுப்பினார். நான் கிளப்பிய நீர் முகத்தில் அடிக்கவே திடுக்கிட்டு, கைட்டைக் கட்டுப்படுத்தும் கைப்பிடியான பாரைத் தம் மார்பை நோக்கி இழுத்தார். கைட் சீறி எழுந்து என் லைன்களுக்குள் புகுந்தது. இரண்டு கைட்டுகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு சுழலத் தொடங்க, கைட்டின் இழுப்பை உடனே துண்டிக்கும் என் விடுவிப்பானை நான் இழுத்தேன். அவருடையதை அவர் இழுக்கவில்லை. பயிற்றுவிப்பாளர் பாய்ந்து இழுத்துவிடுவதற்குள் அந்தப் பெண் குப்புற விழுந்து முப்பது மீற்றராவது நீரில் இழுபட்டிருப்பார். உதடு வெடித்திருந்தது, தோள்பட்டையில் சுளுக்கு. அவ்வளவோடு போனது.

நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கூடவே, அவர் சுற்றிப் பார்க்காமல் கைட்டை எழுப்பினார் என்றும் சொன்னேன். அந்தப் பயிற்றுவிப்பாளர் இருபது வயதைத் தாண்டியிராத கற்பிட்டிப் பையன். சிக்கிய லைன்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே, தலை நிமிராமல், "அண்ணே, அவங்களுக்குத் திரும்பத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே?" என்றான்.

நான் இந்த மடலில் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் விளக்கம்.

நம்மிடம் விதிகள் இல்லாமலில்லை. வலக்கையை முன்னே வைத்து வருபவருக்கு வழிவிட வேண்டும். காற்று வரும் பக்கத்தால் கடப்பவர் கைட்டை உயர்த்த, மற்றவர் தாழ்த்த வேண்டும். கரைக்குத் திரும்புபவர், கரையிலிருந்து புறப்படுபவருக்கு இடங்கொடுக்க வேண்டும். தாவுபவருக்குக் காற்று போகும் பக்கத்தில் 50 மீற்றரும் வரும் பக்கத்தில் 30 மீற்றரும் வெறுமையாக இருக்க வேண்டும் என்பார்கள். இவை நல்ல விதிகள். உலகெங்கும் இவற்றைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் இவை அனைத்தும், சந்தித்துக்கொள்ளும் இருவருக்கும் தாம் நினைத்த பக்கம் போகும் ஆற்றல் உண்டு என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. முதன்முறையாகப் போர்ட்டில் எழுந்து இடக்கை முன்னே இருக்கத் தள்ளாடி வருபவர், விதிப்படி உங்களுக்கு வழிவிட வேண்டியவர்தான். அவருக்கு நிறுத்தவும் தெரியாது, காற்றை எதிர்த்து ஏறவும் தெரியாது. காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே போகிறார். அவரிடம் விதியைக் காட்டி உரிமை கேட்பது, நடை பழகும் குழந்தையிடம் வீதி ஒழுங்கு கேட்பது போலாகும்.

இந்த இயலாமை எப்படிப்பட்டது என்பதைப் பழகி முடித்த நாம் மிக விரைவாக மறந்துவிடுகிறோம். எனக்கு அது மறுபடி நினைவுக்கு வந்தது சென்ற பருவத்தில், அக்காவின் மகள் பழக வந்தபோதுதான். அவள் தினமும் 101 ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி வேலைக்குப் போய் வருபவள். காலி வீதியில் சாரதி பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் மேற்கம்பியை இறுகப் பிடித்துத்தான் விழாமல் தப்பியிருக்கிறாள். உடம்பு அப்படியே பழகியிருக்கிறது. கைட்டின் பாரையும் அப்படியே பிடித்தாள். பயம் வந்தால் பிடி இறுகும். பிடி இறுகினால் பார் உள்ளே வரும். பார் உள்ளே வந்தால் கைட்டின் இழுப்பு கூடும். இழுப்புக் கூடினால் பயம் இன்னும் கூடும். விட்டால் தப்பலாம் என்று நூறு தடவை சொன்னாலும், விழப்போகும் கை எதையும் விடுவதில்லை. பல மணி நேரம் நீர் குடித்த பிறகுதான் அந்தக் கை மாறும். அதுவரை, அவள் அருகே வேகமாகக் கடந்து போகும் ஒவ்வொருவரும் அவளுடைய பிடியை இறுக்கிவிட்டே போகிறார்கள். நீங்கள் அவளைத் தொடவே வேண்டியதில்லை.

காற்றின் கணக்கும் இதோடு சேர்கிறது. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், காலையில் 15 நொட்டாக இருந்தது பிற்பகலில் 22 ஆகும்போது, அதே கைட்டின் இழுப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. நமக்கு அது சிறிய கைட்டை எடுக்க வேண்டிய நேரம். பழகுபவருக்கு அது வேறொரு விளையாட்டு. நம்மில் ஒருவர் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறார் என்றால், நொடிக்குப் பத்து மீற்றர் கடக்கிறார். முப்பது மீற்றர் இடைவெளி என்பது மூன்று நொடி. அந்த மூன்று நொடியில் பழகுபவர் தம் கைட் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையே இன்னும் தேடிக்கொண்டிருப்பார்.

விழுந்து கிடக்கும் கைட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1984 இல் பிரான்ஸின் லெகன்யூ சகோதரர்கள் ஊதி நிரப்பும் கைட்டுக்குக் காப்புரிமை கோரினார்கள். அது மிதக்கும், விழுந்தாலும் நீரிலிருந்து மறுபடி ஏற்றலாம். சாதாரண மனிதர்கள் இந்த விளையாட்டை நீரில் கற்றுக்கொள்ள முடிவது அதனால்தான். அதனாலேயே பயிற்சி நடக்கும் நீரில் எப்போதும் சில கைட்டுகள் விழுந்து கிடக்கும். அவற்றின் லைன்கள் தளர்ந்து நீர்மட்டத்தில் கண்ணுக்குப் படாமல் நீண்டிருக்கும். கைட் விழுந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று எண்ணி, கைட்டுக்கும் ஆளுக்கும் நடுவால் போகிறவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த லைன் இறுகும் நொடியில் உங்கள் கணுக்கால் அங்கே இருக்கக் கூடாது.

ஆகவே அனுபவமுள்ள நண்பர்களிடம் நான் கேட்பது இது. பயிற்சி நடக்கும் ஓரத்தால் போக வேண்டியிருந்தால், பழகுபவரின் கைட்டையும் தாண்டி, காற்று போகும் பக்கமாகவே சுற்றிப் போங்கள். அங்கும் நெருங்காமல், அவர் இழுபட்டு வந்தாலும் எட்டாத தொலைவில் போங்கள். அவருக்குக் காற்று வரும் பக்கத்தால் கடந்தால் உங்கள் லைன்கள் அவர் தலைக்கு மேல்தான் இருக்கும் என்பதை என் கதையிலிருந்து தெரிந்துகொண்டிருப்பீர்கள். தாவுவதைக் களப்பின் நடுவுக்குக் கொண்டு போங்கள். போர்ட்டின் அடியில் சிறகு பொருத்திய ஃபொயில் ஓடுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நீருக்கடியில் நீண்டு நிற்கும் அந்தச் சிறகு ஆழமில்லாத ஓரத்தில் உங்களுக்கே உதவாது.

கைட் ஏற்றி இறக்கும் மணலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் நீரில் நடக்கும் மோதல்களைவிட அங்கே நடப்பவைதான் எனக்கு அதிகப் பயத்தைத் தருகின்றன. நீரில் விழுந்தால் நீர் தாங்கும். மணலில் கைட் இழுத்தால் வழியில் இருப்பது வான், கட்டை, வள்ளத்தின் அணியம். அந்தச் சிறிய இடத்தில் நாம் பம்பையும் பையையும் பரப்பி, லைன்களை விரித்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறோம். பழகுபவர் கைட்டைத் தலைக்கு மேலே பிடித்தபடி, முழுக் கவனமும் மேலேயே இருக்க, அந்த லைன்களுக்குள் கால் வைத்து நடந்து வருகிறார். காலிமுகத்திடலில் பட்டம் விடும் பிள்ளைகூடத் தன் நூல் பக்கத்தவர் காலில் சிக்கப் போகிறது என்றால் சுற்றத் தொடங்கிவிடும். ஓடாத நேரத்தில் லைன்களைச் சுற்றி வைப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். கைட்டை ஏற்றியவர் உடனே நீருக்குப் போக வேண்டும். கைட்டைப் பறக்கவிட்டபடி மணலில் நின்று கதைப்பதற்கு அந்த இடம் இல்லை. இறக்க வருபவர் கை காட்டினால், யாராக இருந்தாலும் செய்வதை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடியுங்கள். பழகுபவருக்கு அன்றைய நாளின் மிகக் கடினமான நிமிடம் அதுதான்.

பள்ளி நடத்தும் ஐயாமார், அம்மாமாரே, உங்களிடமும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. களப்பு முழுவதையும் பள்ளிகள் பிடித்துக்கொண்டன என்று என் நண்பர்கள் குறைப்படும்போது, அதில் பாதியாவது உண்மை இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஐம்பது மீற்றர் ஓரத்தில் நான்கு கைட்டுகளை ஏற்றிவிட்டு, அனுபவசாலிகள் விலகிப் போகவில்லை என்று கத்துவது நியாயமாகாது. இரண்டு பேர் இரண்டு திசையில் இழுபட்டுப் போகும்போது ஒரு பயிற்றுவிப்பாளர் யாரின் பின்னால் ஓடுவார்? விடுவிப்பானைக் கரையில் ஒருமுறை காட்டினால் போதாது. கண்ணை மூடிக்கொண்டு, நீருக்குள், இழுபடும்போது அதை இழுக்கும்வரை ஒருவரைக் கைட்டோடு விடாதீர்கள். மேலும், பழகுபவர் யார் என்று தூரத்திலிருந்து வருபவருக்குத் தெரிய வேண்டும். எல்லாப் பள்ளிகளும் சேர்ந்து ஒரே நிறத்தில், செம்மஞ்சளோ இளம்பச்சையோ, பழகுபவர்களுக்குத் தலைக்கவசமும் மேற்சட்டையும் கொடுத்தால், நாற்பது வயதில் கண்ணாடி இல்லாமல் கைட் ஓடும் என் போன்றவர்களுக்கும் தெரியும். பள்ளிப் பெயரை எழுதுவதற்குச் சட்டையின் முதுகில் இடம் இருக்கவே செய்யும்.

நேரத்தாலும் பகிர்ந்துகொள்ளலாம். காலையில் காற்று பெரும்பாலும் சற்றுத் தணிந்திருக்கும். பழகுபவர்களுக்கு அதுவே நல்ல நேரம். காலை பதினொரு மணி வரை திட்டின் ஓரத்தைப் பழகுபவர்களுக்கே விட்டுவிட்டு, பிற்பகலில் காற்று ஏறியதும் பள்ளிகள் ஒரு குறித்த எல்லைக்குள் ஒதுங்கிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை இரவு வந்து சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பதினொரு மணிக்கு முன் நீரில் இறங்குகிறோம் என்பதை நாமே மனச்சாட்சியோடு சொல்லலாம். நம்மிடமிருந்து உண்மையில் பறிபோவது ஒன்றுமில்லை.

இருநூறு ரூபாய்க்குப் பம்பு தூக்கிய பையன்கள் இன்று நமக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று சிலர் முணுமுணுப்பதையும் கேட்டிருக்கிறேன். அதைப் பற்றி எழுதி மையை வீணாக்க விரும்பவில்லை.

அதிகார சபையோ பொலிஸோ வந்து ஒழுங்குபடுத்தட்டும் என்று காத்திருக்க வேண்டும் என்போருக்கு ஒன்று சொல்வேன். அப்படி யாரேனும் வரும் நாள், பெரும்பாலும் யாரோ ஒருவர் பெரிதாக அடிபட்ட மறுநாளாகத்தான் இருக்கும். அன்று போடப்படும் கட்டளை பழகுபவர், பழகியவர் என்று பிரித்துப் பார்க்காது. கைட்போர்டிங் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில், முதன்முறையாக இடம்பெற்ற பிறகு, அது என்ன விளையாட்டு என்று கேட்டுக்கொண்டிருந்த என் உறவினர்களே இப்போது பிள்ளைகளை அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். கூட்டம் குறையப் போவதில்லை.

எல்லாருக்கும் முன்னால் அந்த நீரில் இருந்தவர்களை இதுவரை நான் சொல்லாமல் விட்டது தவறு. களப்பு மீனவர்களின் தொழிலிடம். அவர்கள் வலை விரித்திருக்கும் பக்கம் எது, வள்ளம் போகும் வாய்க்கால் எது என்பது நமக்குள் பலருக்குத் தெரியாது. பழகுபவர் இழுபட்டுப் போய் வலையில் விழும்போதுதான் கேட்கிறோம். நாம் எல்லை குறிப்பதானால் அவர்களைக் கேட்காமல் குறிக்கக் கூடாது. கழி நட்டுக் குறிப்பதும் கூடாது. லைன்கள் அதில்தான் முதலில் சிக்கும். அவர்கள் வலைக்குக் கட்டும் மிதப்புகளைப் போன்றவற்றைக் கல் கட்டி இட்டால் போதும்.

மே மாத முதல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, கைட்டுகளை ஊதுவதற்கு முன்னர், திட்டின் தெற்கு முனையில் அரை மணி நேரம் எல்லாரும் கூடும்படி கேட்டுக்கொள்கிறேன். வள்ளம் வைத்திருக்கும் இரண்டு பெரியவர்களோடு பேசியிருக்கிறேன். தொழிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் வந்து, வாய்க்கால் எதுவென்று காட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு மிதப்புகளும் கயிறும் என் வானில் இருக்கும். கல் மட்டும் அங்கே தேட வேண்டும். மணல் ஊரில் அது இலேசில் கிடைக்காது என்பதால், வழியில் எங்கேனும் கண்டால் ஆளுக்கொன்று ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து வரும் ஒன்பது மீற்றர் நீலக் கைட்காரன்